ஜூன் 16: ஒரு நாளும் அதன் பெயரும்

இளைஞர்க்கென ஒரு நாளை ஒதுக்கி வைக்கும் வழக்கம் இன்று பல நாடுகளில் உண்டு. நம் நாட்டில் விவேகானந்தர் பிறந்த ஜனவரி 12ஆம் நாள் 1985 முதல் தேசிய இளைஞர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. சீனம் மே 4ஆம் நாளையும், துருக்கி மே 19ஆம் நாளையும் இவ்வாறு போற்றுகின்றன. இத்தகைய நாள்களுள் சில, பெரியோர் ஒருவரின் வாழ்வை ஒட்டி இளைஞர்க்கு வழிகாட்ட அமைந்தவை. சில, மாணவர் தாமே எழுந்து நின்ற நாளின் நினைவாக அமைந்தவை. தென்னாப்பிரிக்காவில் 1995 முதல் பொது விடுமுறையாக விளங்கும் ஜூன் 16 இரண்டாம் வகையைச் சார்ந்தது. பாடம் எம்மொழியில் நடத்தப்படவேண்டும் என்ற கேள்வியிலிருந்து அந்நாள் பிறந்தது. ஆதலின் மொழித்துறை மலர் ஒன்றில் அதைப் பற்றிப் பேசுவது பொருத்தமே ஆகும்.

இளங்கலை வகுப்பொன்றில் ஒரு முறை 'சொவெட்டோ' என்று கரும்பலகையில் எழுதி, இஃது யாது என வினவினேன். ஏதோ புதுவகைச் சிற்றுண்டியின் பெயர் என்றார் ஒரு மாணவர். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பின்னர் ஒரு நிழற்படத்தைக் காட்டினேன். மேலாடை அணிந்த இளைஞன் ஒருவன் துவண்ட சிறுவன் ஒருவனைக் கைகளில் ஏந்தி ஓடிவருகிறான்; பள்ளிச் சீருடையில் ஒரு பெண், கையை விரித்துக் கதறியவாறு உடன் ஓடுகிறாள். படத்தை முன்னரே எங்கோ கண்டதாகப் பலர் கூறினர். அது யார், எதற்காக என்பதை மட்டும் எவரும் அறிந்திருக்கவில்லை.

ஜோஹன்னஸ்பர்க் நகரின் தென்மேற்கே, வெள்ளையர் நகரில் வேலை பார்க்கலாம், குடியிருத்தல் ஆகாது என விலக்கப்பட்ட கறுப்பின மக்களுக்காக எழுந்த குடியிருப்புகளின் தொகுதியே சொவெட்டோ. 'தென்மேற்கு நகரியங்கள்' எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 1963இல் இட்ட பெயர் அது. அங்கு வாழ்ந்த பிள்ளைகள் கற்ற கல்விக்கும் தனிச் சட்டம் இருந்தது. 1953ஆம் ஆண்டின் பாண்டு கல்விச் சட்டம் அது. கறுப்பினக் குழந்தைக்கு உடலுழைப்பிற்கு மேற்பட்ட இடம் வெள்ளையர் சமூகத்தில் இல்லை. ஆதலால் அதற்கு மேற்பட்ட கல்வியும் தேவையில்லை என்பதே சட்டத்தைக் கொணர்ந்த அமைச்சர் வெர்வூர்டின் வெளிப்படையான கொள்கை. 1975-76ஆம் ஆண்டுக் கணக்கின்படி வெள்ளைக் குழந்தை ஒன்றின் படிப்பிற்கு அரசு 644 ராண்டு செலவிட்டது. இந்தியக் குழந்தைக்கு 189 ராண்டு. கறுப்பினக் குழந்தைக்கு 42 ராண்டு. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் தமிழரின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் அந்த இடைப்படியில் நிறுத்தப்பட்டிருந்தனர். ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஓர் இனத்தை நிறுத்தி, கீழ்ப்படியைக் காட்டி மேற்படியினனை ஆறுதல் கொள்ளச் செய்யும் சூழ்ச்சியை நம் நாட்டவர்க்கு விளக்கிக் கூற வேண்டுவதில்லை.

இத்தகைய பள்ளிகளில் 1974இல் வந்து விழுந்தது புதிய ஆணை. மேல்வகுப்புகளில் கணிதமும் வரலாறு, புவியியல் அடங்கிய சமூகப் பாடமும் ஆப்பிரிகான்ஸ் மொழியில் நடத்தப்பட வேண்டும். அறிவியலும் தொழிற்பாடங்களும் ஆங்கிலத்தில் நடக்கலாம். சமயம், இசை, உடற்பயிற்சி ஆகியவற்றிற்கு மட்டும் பிள்ளைகளின் தாய்மொழி போதும். ஜூலுவும் சோத்தோவும் பேசும் குழந்தை, ஒரே நாளில் முதல் மணிக்கு ஒரு மொழியிலும் அடுத்த மணிக்கு வேறொரு மொழியிலும் சிந்திக்க வேண்டும் என்பது ஆணையின் உட்பொருள். ஆசிரியர்களுள் மிகப்பலர் ஆப்பிரிகான்ஸ் அறியாதவர். தாம் அறியாத மொழியில் அறிந்த கணக்கைச் சொல்லித்தர நேர்ந்த ஆசிரியரின் நிலையை எண்ணிப் பார்க்கையில், கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட எம்போல்வார்க்கு நெஞ்சு கூசுகிறது. ஆசிரியர் சங்கத்தார் எதிர்த்தனர்; பள்ளி வாரியத்தார் எதிர்த்தனர். ஜோஹன்னஸ்பர்க்கின் ஆங்கிலிக்கன் திருச்சபையில் பொறுப்பிலிருந்த டெஸ்மண்ட் டூட்டு, நிலைமை கைமீறிப் போகக்கூடும் என 1976 மே மாதத்தில் பிரதமர் ஃபோர்ஸ்டருக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். பெரியவர்களின் சொல் எதுவும் ஏறவில்லை.

ஆர்லாண்டோ மேற்குப் பகுதிப் பள்ளியின் சிறுவர்கள் அவ்வாண்டின் ஏப்ரல், மே மாதங்களிலேயே வகுப்பைப் புறக்கணிக்கத் தொடங்கிவிட்டனர். ஜூன் 13ஆம் நாள் மாணவர் கூட்டமொன்று கூடிற்று. மூன்று நாள் கழித்து அனைத்துப் பள்ளிகளும் ஒன்றாய் ஊர்வலம் செல்வதென அங்கு முடிவாயிற்று. முன்னின்றவர் மோரிஸ் ஐசக்சன் உயர்நிலைப் பள்ளியின் மாணவர் சியெட்சி மஷினினி. வயது 19, பள்ளியின் சொற்போர் மன்றத்திற்குத் தலைவர். அவருடைய பள்ளியில் வரலாறு கற்பித்த ஆபிரகாம் டீரோ என்பார், முன்னர்ப் பட்டமளிப்பு விழா மேடையிலேயே பாண்டு கல்வியைக் கண்டித்துப் பேசியதற்காக 1972இல் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டவர். 1974இல் போட்ஸ்வானாவில் அஞ்சற்பொதி வெடிகுண்டால் கொல்லப்பட்டவர். மாணவர் எழுச்சிகளின் வரலாற்றை எழுதுவோர் ஆசிரியரை மறந்துவிடுவது வழக்கம். வகுப்பறையில் ஒருவர் விதைத்த சொல் எந்த நாளில் முளைக்கும் என்பதை அரசும் அறியாது, விதைத்தவரும் அறியார்.

1976 ஜூன் 16, புதன்கிழமை. அங்கே அது குளிர்காலம். காலையில் வழக்கம்போற் சீருடை அணிந்து பிள்ளைகள் வீட்டை விட்டுப் புறப்பட்டனர். நம் புறநானூற்றில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய், தந்தையையும் கணவனையும் போரில் இழந்த பின்னரும், தன் ஒரே மகனின் தலையை வாரி, வேலைக் கையில் தந்து களத்திற்கு விடுக்கிறாள். சொவெட்டோவின் தாய்மார்க்கு அந்தப் பெருமிதமும் வாய்க்கவில்லை. மகன் பள்ளிக்குச் செல்கிறான் என்றே பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். பல வீடுகளில் தாயும் தந்தையும் விடியுமுன்னரே வெள்ளையர் நகரின் வேலைக்குப் போய்விட்டிருந்தனர்.

பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர்கள் ஆர்லாண்டோ விளையாட்டரங்கை நோக்கிப் பாடியவாறு நடந்தனர். கைகளில் ஆப்பிரிகான்ஸ் வேண்டா எனும் அட்டைகள். வழியில் காவலர் மறித்தனர், கண்ணீர்ப்புகை வீசினர், பின்னர்ச் சுட்டனர். முதலில் குண்டு பட்டவன் 15 வயது ஹேஸ்டிங்ஸ் இன்ட்லோவு என்பர். 12 வயது ஹெக்டர் பீட்டர்சனும் வீழ்ந்தான். அவனை ஏந்தி ஓடியவன் எம்புயிசா மகுபோ. உடன் ஓடிய பெண் ஹெக்டரின் தமக்கை அன்டுவானெட். படம் எடுத்தவர் 'தி வேர்ல்ட்' நாளிதழின் சாம் என்சீமா. காவலர் கைப்பற்றிவிடுவர் என அஞ்சி, படச்சுருளைக் கால் உறையினுள் ஒளித்து வைத்து அவர் அனுப்பியதால்தான் உலகம் அதைக் கண்டது.

அன்று ஒரு நாளில் இறந்தோர் 23 பேர் என்பது அரசின் முதற்கணக்கு. கலகம் பிற ஊர்களுக்கும் பரவித் தணிந்தபோது 176 என்றனர். உண்மைத் தொகை எழுநூறு வரை இருக்கும் என மதிப்பிடுவோரும் உளர். இங்கு ஒன்றை மறைத்தல் அறமன்று. அன்று சினங்கொண்ட கூட்டத்தால் கொல்லப்பட்டவருள் மெல்வில் எடல்ஸ்டைன் என்ற வெள்ளையரும் ஒருவர். சொவெட்டோ மக்களின் நலப்பணியில் ஈடுபட்டிருந்த சமூகவியலாளர் அவர். கறுப்பின இளைஞரின் மனத்தை ஆராய்ந்து, அதில் மூண்டிருந்த கசப்பைச் சில ஆண்டுகளுக்கு முன்னரே எழுத்தில் பதித்தவர். தியாக வரலாறுகளைப் படிப்போர் இத்தகைய பக்கங்களைப் புரட்டிவிட்டுச் செல்லலாகாது.

ஜூலை மாதத்திலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஆனால், எழுந்தவர் அமரவில்லை. ஆயிரக்கணக்கான மாணவர் எல்லை கடந்து நாட்டை விட்டு வெளியேறினர். மஷினினி 1990இல் கினி நாட்டில் இறந்தார். உடல்தான் சொவெட்டோவிற்குத் திரும்பிற்று. எம்புயிசாவும் நாட்டை விட்டு ஓட நேர்ந்தது. நைஜீரியாவிலிருந்து 1978இல் அவன் எழுதிய மடலே தாய்க்குக் கிட்டிய இறுதிச் செய்தி. 'தி வேர்ல்ட்' இதழ் 1977 அக்டோபரில் தடைசெய்யப்பட்டது. என்சீமா வேலையை விட்டுத் தம் ஊர் சென்று காவற் கண்காணிப்பில் வாழ்ந்தார். தாம் எடுத்த படத்தின் உரிமை அவர்க்குக் கிட்டியது 1998இல்.

இனி, அம்மாணவர் வெறுத்த மொழியைப் பற்றி ஒரு சொல். என் கருத்தில் இதுவே இந்நாளின் மிக நுண்ணிய பகுதி.

ஆப்பிரிகான்ஸ் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்திறங்கிய முழுமையான மொழியன்று. 1652இல் கேப் கரையில் குடியேறிய டச்சுக்காரரின் பேச்சு, அங்கிருந்த கொய் மக்களின் வாயிலும், அடிமைகளாகக் கொணரப்பட்டவர் வாயிலும் புழங்கிப் புழங்கி உருமாறியதே அம்மொழி. அவ்வடிமைகள் ஜாவா முதலிய தீவுகளிலிருந்தும், வங்கம், மலபார், நம் சோழமண்டலக் கரை ஆகியவற்றிலிருந்தும் சென்றவர்கள். எசமானன் அம்மொழியை 'அடுக்களைப் பேச்சு' என்று இகழ்ந்திருந்த காலத்தில், கேப் நகர முஸ்லிம்கள் தம் மதரசாக்களில் அதனைப் பாடமொழியாக்கினர். அரபு எழுத்தில் அதனை எழுதினர். உதுமானியப் பேரரசால் அங்கு அனுப்பப்பட்ட அறிஞர் அபூபக்கர் எஃபெந்தி, மார்க்கச் சட்டங்களை அம்மொழியில் அரபு எழுத்தால் எழுதிய 'பயானுத்தீன்' எனும் நூல் 1877இல் இஸ்தான்புல்லில் அச்சாயிற்று. அரபுத் தமிழை அறிந்த நம்மவர்க்கு இது வியப்பூட்டாது. ஒருவரின் சமயமும் தாய்பேச்சும் ஒரே ஏட்டில் சந்திக்கும்போது நிகழ்வது அது. தமிழின் ஒலிகளுக்கென அரபு எழுத்தில் புதிய குறிகளைக் காயல்பட்டினத்தாரும் கீழக்கரையாரும் அமைத்துக்கொண்டவாறே, கேப் முஸ்லிம்களும் தம் மொழியின் ஒலிகளுக்குக் குறிகளை அமைத்துக்கொண்டனர். வெள்ளையர் தாம் இம்மொழிக்கெனப் பார்ல் நகரில் சங்கம் கண்டது 1875இல்தான்.

பின்னர் அவ்வெள்ளையரும் அம்மொழிக்காகத் துன்புற்றனர். ஆங்கிலேயரோடு நிகழ்ந்த போரில் 1902இல் தோற்ற பின்பு, பள்ளிகளில் ஆங்கிலம் திணிக்கப்பட்டது. டச்சு பேசிய பிள்ளையின் கழுத்தில் இழிவுரை எழுதிய பலகையைத் தொங்கவிட்டனர் என்ற கதையைப் பாட்டனார் பேரருக்குச் சொல்லி வளர்த்தனர். 1925இல் ஆப்பிரிகான்ஸ் ஆட்சிமொழித் தகுதி பெற்றது. 1975இல், பார்ல் சங்கத்தின் நூற்றாண்டை ஒட்டி, அந்நகரின் மலைச்சரிவில் மொழிக்கென வானளாவிய நினைவுச்சின்னம் ஒன்றும் எழுந்தது. கழுத்தில் பலகை சுமந்தவரின் பேரர்கள், மொழிக்குக் கோபுரம் எடுத்த மறு ஆண்டில், அம்மொழியைக் கற்க மறுத்த சிறுவரைச் சுட்டனர்.

அடக்கப்பட்டவன் அடக்குபவனாவது உலகியற்கை என்று இதனைக் கடந்து செல்வோர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. தன் மொழிக்காகப் பட்ட துன்பத்தை 'எவர்க்கும் இது நேரலாகாது' என்று நினைவில் வைப்பது ஒரு வகை. 'எமக்கு நேர்ந்தது, இனி நாங்கள் நேர்விப்போம்' என்று வைப்பது வேறு வகை. இரண்டும் ஒரே துன்பத்தின் நினைவுகளே. மொழிப்பற்று உடையோர் அனைவரும், நாமும் உட்பட, எவ்வகை நினைவைப் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறோம் என்று ஆராய்ந்து கொள்ள வேண்டும். மொழியின்மேற் பழியில்லை. இன்றைக்கு ஆப்பிரிகான்ஸைத் தாய்மொழியாகக் கொண்டோருள் பெரும்பான்மையர் வெள்ளையரல்லர் என்பதும், 1997இல் அமைந்த தென்னாப்பிரிக்க நாட்டுப்பண்ணில் ஐந்து மொழிகளுள் ஒன்றாக ஆப்பிரிகான்ஸும் ஒலிக்கிறது என்பதும் அறியத்தக்கவை. 1976இன் மாணவர் எதிர்த்தது ஒரு மொழியின் சொற்களை அன்று. அச்சொற்களைத் தம் தலைமேற் சுமத்திய கையை.

இப்பொழுது விடுமுறையின் பெயருக்கு வருவோம். 1994இன் பொது விடுமுறைச் சட்டம் ஜூன் 16ஐ 'இளைஞர் நாள்' என்றது. அதற்கு முன், மக்கள் வாய்வழக்கில் அது 'சொவெட்டோ நாள்'. அதே சட்டம், 1960இல் ஷார்ப்வில்லில் 69 பேர் சுடப்பட்ட மார்ச் 21ஐ 'மனித உரிமை நாள்' என்றது. வெள்ளையரின் வெற்றி நாளாயிருந்த டிசம்பர் 16ஐ 'நல்லிணக்க நாள்' என்றது. இவற்றில் ஒரு கொள்கை தெரிகிறது. புண் ஆறவேண்டிய நாட்டில், ஆண்டுதோறும் புண்ணின் பெயரைச் சொல்லியழைப்பானேன் எனும் கருத்து அது. அதை நான் இகழவில்லை. பகையை நாட்காட்டியில் அச்சிட மறுத்த பெருந்தன்மை அதிலுண்டு. நேற்றுவரை சுட்டவனும் சுடப்பட்டவனும் ஒரே நாளில் ஒரே விடுமுறையைத் துய்க்க வேண்டியிருந்தது.

ஆயினும் இப்பெயரால் இரண்டு உண்மைகள் மறைகின்றன. ஒன்று, வீழ்ந்தவர் இளைஞர் என்பதைவிடச் சிறுவர் என்பதே பொருந்தும். பன்னிரண்டு வயதினனை இளைஞன் என்றழைக்கும்போது, அவன் ஏதோ தெரிந்தே களம் புகுந்தான் என்ற எண்ணம் கேட்போர்க்கு உண்டாகிறது. சுட்டவன் செயலின் கொடுமை அந்த அளவிற்குக் குறைகிறது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு இதே ஜூன் 16ஐ 1991இல் 'ஆப்பிரிக்கக் குழந்தை நாள்' என்று அறிவித்தது. ஒரே நாளுக்கு இட்ட இரு பெயர்களுள் எது உண்மைக்கு நெருங்கியது என்பதைப் படிப்போர் தீர்மானிக்கலாம்.

மற்றொன்று, மொழி. டாக்காவில் 1952 பிப்ரவரி 21ஆம் நாள் வங்கமொழிக்காக மாணவர் சுடப்பட்டு மாண்டனர். 1999இல் யுனெஸ்கோ அந்நாளைப் பன்னாட்டுத் தாய்மொழி நாளாக அறிவித்தது. நம் மாநிலத்தில் ஜனவரி 25 மொழிப்போர்த் தியாகிகள் நாள். சிதம்பரத்தில் 1965 ஜனவரி 27 அன்று குண்டடிபட்டு மாண்ட அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் எதற்காக மாண்டார் என்பதை, வேறெதுவும் அறியாதவனும் அந்நாளின் பெயரிலிருந்தே அறிந்துகொள்வான். 'இளைஞர் நாள்' எனும் பெயரிலிருந்து எதை அறிவான்? விளையாட்டுப் போட்டி, வேலைவாய்ப்புச் சொற்பொழிவு, கடைகளில் தள்ளுபடி விற்பனை என அவ்விடுமுறை கரைந்து வருவதாக அந்நாட்டின் மூத்தோரே வருந்தக் கேட்கிறோம். பெயர் பொதுவாயின் பொருளும் பொதுவாகிவிடும். ஆர்லாண்டோ மேற்கில் ஹெக்டர் பீட்டர்சன் பெயரில் 2002இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் மட்டும் இல்லையெனின், மறதி இன்னும் விரைந்திருக்கும்.

மறதியால் நேர்ந்த இழப்பு பள்ளியில்தான் தெரிகிறது. உண்மையைச் சொல்வதாயின், 1976இன் மாணவர் ஜூலுவிலோ சோத்தோவிலோ கணிதம் வேண்டும் என்று கேட்கவில்லை. ஆங்கிலமே போதும் என்றனர். அதற்குக் காரணமும் உண்டு. தாய்மொழிக் கல்வி என்ற நற்பெயரைத்தான் பாண்டு கல்வி தனக்குப் போர்வையாக்கி, அவர்களைத் தாழ்த்தி வைத்திருந்தது. எனவே தாய்மொழி என்றாலே தாழ்வு என்ற அச்சம் அவர்தம் நெஞ்சில் பதிந்துவிட்டது. கொடுங்கோன்மை இழைத்த தீங்குகளுள் இதனையே நீண்டகாலத் தீங்கு என்பேன். துப்பாக்கி ஓய்ந்த பின்னும் இது ஓயவில்லை. 1996இன் அரசியலமைப்பு 11 மொழிகளுக்கு ஆட்சிமொழித் தகுதி தந்தது. 2023இல் சைகைமொழி பன்னிரண்டாவதாயிற்று. ஏட்டளவில் இதற்கு நிகராக மொழிகளை மதித்த நாடுகள் சிலவே. பள்ளியிலோ, முதல் மூன்று வகுப்பு வரை தாய்மொழி. நான்காம் வகுப்பில் ஆங்கிலம் வந்து அமர்ந்துகொள்ளும். 2022ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் நூற்றுக்கு ஒன்பதின்மருக்கும் குறைவு. திணித்த மொழி போயிற்று; விரும்பி ஏற்ற மொழி அவ்விடத்தில் நிற்கிறது. பத்து வயதுக் குழந்தைக்கு விளங்காத கணக்கு, விருப்பத்தோடு ஏற்ற மொழியிலும் விளங்காத கணக்கே. மொழிக்காகக் குருதி சிந்திய மண்ணில் வாழ்ந்துகொண்டு, தம் பிள்ளையை ஆங்கில வழிப் பள்ளியின் வாயிலில் வரிசையில் நிறுத்தும் நமக்கு, இந்நிலையைக் குறைகூறும் தகுதி குறைவுதான். எனினும் குறை குறையே.

நான்காம் வகுப்பிலும் தாய்மொழியை ஆங்கிலத்தோடு இணைத்துக் கற்பிக்கும் திட்டம் தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் தொடங்கியது 2025ஆம் ஆண்டில். ஆர்லாண்டோவில் சுடப்பட்ட அந்தப் புதன்கிழமையன்று நான்காம் வகுப்பில் அமர்ந்திருந்த குழந்தைக்கு, அத்திட்டம் தொடங்கியபோது வயது அறுபதை நெருங்கியிருக்கும். பேரனையோ பேத்தியையோ கைப்பிடித்து அவ்வகுப்பில் கொண்டுவிடும் வயது அது.